கறி மீனை விட்டும் ஃபேட்டி லிவர் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம், வயது 42, எடை 88 கிலோ. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு சேர்வது) கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு. மூன்று மாதமாகச் சுத்த சைவம். காலையில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மதியம் சோறு, சாயங்காலம் பழம்பொரியும் (வாழைப்பழ பஜ்ஜி) சாயாவும். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) இறங்கவே இல்லை.

பதில்: நீங்கள் சொன்ன நாலுமே மாவும் சீனியும்தான். உடம்புக்குச் செலவாகாத மாவையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொள்ளும். சாளை (மத்தி) மீனை விட்டிருக்கவே வேண்டாம். பொரிக்காமல் குழம்பு வைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். முதலில் நிற்க வேண்டியது சாயாவில் போடும் சீனியும் பழம்பொரியும்.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் குடல்சுவருக்கு முக்கியமான தீனி. அது குறைந்தால் சுவர் தளரும். பாக்டீரியாக் கழிவு கசிந்து கல்லீரலில் அழற்சியைக் கிளப்பும். ஆகவே ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். 50 கிராம் சிறுபயறில் சுமார் 8 கிராம் கிடைக்கும். மீதிக்குக் கீரை, காய், கொய்யா.

நம் ஊரில் இதற்கு அருமையான பண்டம் ஏத்தங்காய்த் (நேந்திரங்காய்) தோல் துவரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல். தோலைப் பொடியாக நறுக்கி, மஞ்சள் கலந்த மோர்த் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் கறை போய்விடும். முக்கால் பதம் வெந்த சிறுபயறோடு சேர்த்து வேகவையுங்கள். தேங்காய்த் துருவல் ஆளுக்கு 1 மேசைக்கரண்டி போதும். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, அது கல்லீரல் கொழுப்பைக் கூட்டும் என்பதால் தாளிக்க ஒரு தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். மரச்சீனி இருந்த இடத்தில் இந்தத் துவரன் வர வேண்டும், அதோடு கூடுதலாக அல்ல.

பலர் கைவிடுவது வாயுத் தொல்லையால்தான். முதல் நாளே ஒரு கிண்ணம் பயறு தின்றால் வயிறு ஊதத்தான் செய்யும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு கரண்டி, பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும்.

எடையில் 5 சதவீதம், அதாவது சுமார் நாலரை கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையும். அழற்சி தணிய 7 முதல் 10 சதவீதம் வேண்டும். வாரம் அரை முதல் ஒரு கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கல்லீரல் இன்னும் மோசமாகலாம். லிவருக்கு நல்லது என்று சீந்தில் கஷாயம் குடிப்பதும் வேண்டாம், அதனால் கல்லீரல் கெட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

எஸ்ஜிபிடி ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நாலையும் வைத்து, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று காட்டும் ஃபிப்-4 மதிப்பெண்ணை டாக்டரிடம் கணக்கிடச் சொல்லுங்கள். 1.3க்கு மேல் போனால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுங்கள்.