கொப்புளத் தோல் நோய்க்கு ஜீன் ஜெல் பலன் தருமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: உரசினாலே தோல் உரியும் டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா உள்ள மகளுக்கு, புண்மேல் விடும் ஜீன் ஜெல் உதவுமா?

புண் ஆற உதவும் அம்மா, நோயை அடியோடு தீர்க்காது. தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதம் இந்தக் குழந்தைகளுக்குச் சரியாக உருவாவதில்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வைஜுவெக் ஜெல்லில், பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பிஸ் வைரஸ் அதற்கான ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகிறது. அது நம் டிஎன்ஏவோடு சேராது. அதனால்தான் வாராவாரம் விடுகிறார்கள். களிம்பு மாதிரித் தேய்ப்பதில்லை. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒட்டாத கட்டுப் போட்டு, அடுத்த முறை கட்டு மாற்றும்வரை பிரிக்காமல் விட வேண்டும்.

முதலில் மரபணுப் பரிசோதனையில் நோயின் வகையை உறுதி செய்யுங்கள். அப்புறம், இந்த மலைக் குளிரில் கம்பளி ஸ்வெட்டர் நேராகத் தோலில் படவே வேண்டாம். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டையை, தையல் வெளியே இருக்கும்படி திருப்பிப் போட்டுவிடுங்கள்.