மேனேஜர் கொடுத்த மூன்று புத்தகங்கள்

தம்பி, மேனேஜர் மூன்று பிசினஸ் புத்தகங்களைக் கையில் திணித்துவிட்டார், திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசியாக வேண்டும், எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த அடி வாங்கியவன்தான்.

'குட் டு கிரேட்'டில் உட்காருங்கள். ஜிம் காலின்ஸ் 2001-இல் எழுதியது. சுமாராக இருந்து உச்சிக்குப் போன 11 அமெரிக்கக் கம்பெனிகளின் கதை. சரியான ஆட்களை முதலில் பஸ்ஸில் ஏற்று, எங்கே போவது என்பதை அப்புறம் முடிவு செய் என்பார். (எங்கள் ஊர் மினிபஸ் கண்டக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.) படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 11-இல் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி 2008-இல் திவால் மனு கொடுத்தது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக் கடன் நிதி நிறுவனத்தை அதே வருடம் அமெரிக்க அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. மீட்டிங்கில் இதைச் சொன்னால் முழுசாகப் படித்தவர் என்று நம்பிவிடுவார்கள். கொஞ்சம் சிரித்தமாதிரி சொல்லுங்கள், மேனேஜருக்கு உயிரான புத்தகமாக இருந்து தொலைக்கும்.

'ரிச் டாட் புவர் டாட்' ஒரு ராத்திரி வேலை. பாக்கெட்டில் காசு போடுவது சொத்து, எடுப்பது சுமை. எழுதியவர் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார். குடியிருக்கும் சொந்த வீடு சொத்தே இல்லை என்பார். இதை உங்கள் அப்பா காதில் போட்டுவிடாதீர்கள்.

'ஹூ மூவ்ட் மை சீஸ்' டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இரண்டு எலி, இரண்டு குட்டி மனிதர்கள், மாற்றத்தை ஏற்றுக்கொள் என்ற உபதேசம். எனக்கு உறுத்துவது இதுதான். மேனேஜர் திடீரென்று இதைக் கொடுக்கிறார் என்றால், ஆட்குறைப்பு ஏதாவது வருகிறதா என்று எதற்கும் எச்.ஆர். பக்கம் லேசாக விசாரித்து வையுங்கள்.