வேலியோரக் காட்டுப்பயறு: விதையை எடுங்கள், வயலில் தூவாதீர்கள்

கேள்வி: குச்சவெளியில் மேட்டுநிலத்தில் பயறு செய்கிறேன். பயிர் மஞ்சள் சித்திரவடிவ நோயால் வெளிறுகிறது. வேலியில் படரும் காட்டுப்பயறு பச்சையாகவே நிற்கிறது. அதை விதைக்கலாமா? பயிரோடு கலப்புச் செய்யலாமா?

பதில்: முதலில் அது எந்தக் கொடி என்று பாருங்கள். கடற்கரை மணலில் தடித்த இலையும் மஞ்சள் பூவுமாகப் படர்வது கடற்பயறு. உப்பைத் தாங்கும், ஆனால் பாசிப்பயற்றுக்குத் தூரத்துச் சொந்தம், கலப்பு இலகுவில் பிடிக்காது. சிறிய இலை ஆழமாக மூன்றாகப் பிளந்திருந்தால் நரிப்பயறு. மாட்டுக்கு நல்ல தீன், கலப்புக்கு உதவாது. தண்டிலும் காயிலும் மயிர் அடர்ந்து, காய் கறுத்து வெடித்து, விதை மிகச் சிறிதாக இருந்தால், அது பயற்றின் மூதாதையாகிய சப்லோபாட்டா. அதுதான் பெறுமதியானது.

வெடிக்காத காய், பருத்த விதை, போட்டவுடன் முளைப்பு என்று மனிதர் தெரிந்தெடுத்து வந்ததில் பயிர் பல பரம்பரையலகுகளை இழந்துவிட்டது. காட்டில் அவை இன்னும் உண்டு. மடகாஸ்கரில் எடுத்த டிசி 1966 என்ற காட்டுப்பயற்றிலிருந்துதான் களஞ்சிய வண்டை எதிர்க்கும் தன்மை பயற்றுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆனால் வேலியில் பச்சையாக நிற்பது எதிர்ப்புக்குச் சாட்சி அல்ல. நோயைக் காவும் வெள்ளை ஈ அங்கே போகாமலும் இருந்திருக்கலாம். சோதியுங்கள்: விதையின் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு) எதிர்ப்பக்கத் தோலை மண்தாளில் இலேசாகத் தேய்த்துச் சட்டியில் விதைத்து, நோய்ப் பயிருக்கு நடுவே வையுங்கள். தேய்க்காவிட்டால் தோல் கடினத்தால் பெரும்பாலானவை முளைக்காது. வயலில் தூவ வேண்டாம் என்பதும் இதனால்தான்: முளைக்காத விதை மண்ணில் கிடந்து, அடுத்தடுத்த போகங்களில் களையாக எழும்பும்.

காய் கறுக்கத் தொடங்கியதும், பனி காயுமுன் காலையில் பறியுங்கள்; வெயில் ஏறினால் வெடித்துச் சிதறும். ஒரே கொடியில் எடுக்காமல் 30 முதல் 50 கொடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கொடிக்குக் கொடி குணம் வேறுபடும். ஒன்றிலேயே எடுத்தால் அந்த வேறுபாடு கைக்கு வராது. நிழலில் உலர்த்தி, இடமும் திகதியும் எழுதிய கடதாசிப் பையில் போட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து, கன்னொறுவையிலுள்ள விதை வங்கிக்கு அனுப்பக் கேளுங்கள்.

கலப்பை வீட்டில் தொடங்க வேண்டாம். பயற்றுப் பூ விரியுமுன்னே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். மாலையில் மொட்டைத் திறந்து மகரந்தக் கூட்டை நீக்கி, மறுநாள் காலை மகரந்தம் தடவ வேண்டும். பிறகும் வெடிக்கும் காயையும் சிறு விதையையும் நீக்க, பல தலைமுறை பயற்றோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். அது ஆராய்ச்சி நிலைய வேலை.

இந்தப் போகத்துக்கு, முதல் நான்கு கிழமைக்குள் மஞ்சளிக்கும் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி எரியுங்கள்.