சி.எஸ். எட்டவில்லை, இ.சி.இ. எடுக்கலாமா?

கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88. கணக்கு மதிப்பெண் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்தால் 92+42+44, பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 178. பிள்ளை விரும்பிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கைக்கு எட்டவில்லை, இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும்போல் இருக்கிறது. எடுப்பதா, சி.எஸ்.ஸுக்காக வேறு கல்லூரிக்குப் போவதா? ஜூன், ஜூலையில் பல வீடுகளில் இதுதான் பேச்சு.

இதற்கு விடை பிள்ளையின் பிளஸ் டூ கணக்கு நோட்டில் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை விடுங்கள். கலப்பெண்கள், அணிகள், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய நான்கையும் விளங்கிப் படித்தாளா, 'புக் பேக்' கணக்குகளை மனப்பாடம் செய்து எழுதினாளா என்று பாருங்கள். இ.சி.இ.யில் அரியர் விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றேதான்: சர்க்யூட் அனாலிசிஸ், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ். பாடம் புதிது என்பதால் விழுவதில்லை. மாறுதிசை மின்னோட்டச் சர்க்யூட் கணக்கு முழுக்கக் கலப்பெண்களில் நடக்கும். கிர்க்காஃப் விதியை எழுதியதும் மூன்று சமன்பாடு, மூன்று மாறி என்று அணிக் கணக்காகிவிடும். சிக்னல்ஸ் பாடத்தில் வரும் கன்வல்யூஷனும் ஃபூரியரும் தொகையிடலை நம்பியே நிற்கின்றன. இந்த அடித்தளம் ஆடினால் ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் மண்டையில் ஏறாது.

ஆகவே வகுப்பு தொடங்குமுன் கிடைக்கும் வாரங்களில் கோடிங் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களையும், இயற்பியலில் மின்னோட்டவியல், மாறுதிசை மின்னோட்டம், குறைக்கடத்தி பாடங்களையும் மறுபடி போடச் சொல்லுங்கள். தினம் ஒன்றரை மணி நேரம் போதும்.

கணக்கு பிடிக்கும் பிள்ளைக்கு இ.சி.இ. தயக்கமின்றி எடுக்கத் தகுந்த படிப்பு. கணக்கு பிடிக்காமல், 'எப்படியும் ஐ.டி.க்குத்தானே போகப்போகிறோம்' என்ற எண்ணத்தோடு சேர்கிற பிள்ளை இரண்டாம் ஆண்டிலேயே துவண்டுபோகும். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சற்றுக் கீழே உள்ள கல்லூரியில் சி.எஸ். அல்லது ஐ.டி. கிடைத்தால் அதுவே நல்லது.

கணக்குக்கு அடுத்தது கைவேலை. ஒரு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை), சாதாரண மல்டிமீட்டர், 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், சில எல்.இ.டி., தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சின்ன டி.சி. மோட்டார். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். முதல் மாதத்தில் எதுவும் சரியாக ஓடாது. அந்தத் தவறுகளைக் கண்டுபிடிப்பதுதான் படிப்பு. மோட்டாரை நேராக ஆர்டுயினோவின் இணைப்புப் பின்னில் மாட்டினால் போர்டு ரீசெட் ஆகும், அல்லது அந்தப் பின் எரியும். அந்தப் பின்னின் உச்சவரம்பே 40 மில்லி ஆம்பியர்தான், மோட்டாரோ கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடும் வேண்டும். சென்சாரை இ.எஸ்.பி.32 என்ற இன்னொரு வகை போர்டில் மாட்டினால் வேறொரு சிக்கல்: சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டையும் தொடரில் போட்டு, 2 கிலோ ஓமின் குறுக்கே எடுத்தால் 3.33 வோல்ட் வரும். தனி பேட்டரி வைத்த சர்க்யூட் ஏனோதானோ என்று ஓடினால், முதலில் இரண்டு பக்கத்து கிரவுண்டும் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை விரலால் கற்ற பிள்ளைக்கு லேப் வைவா பயம் இராது. கடைசி ஆண்டில் பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து பிராஜெக்ட் வாங்குகிற பிள்ளை, நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

வேலை பற்றிய கவலை புரிகிறது. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் பெரும்பாலும் 60 விழுக்காடு கேட்பார்கள், நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்பார்கள். ஆக அந்தக் கதவு இ.சி.இ.க்குச் சாத்தப்படவில்லை. கூடவே இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று எம்பெடட், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது: சி மொழியில் பாயின்டர், பிட் கையாளல், இன்டரப்டுக்குள் மாறும் மாறிக்கு ஏன் 'வோலடைல்' போட வேண்டும் என்பவை கேட்கப்படும். இன்னொன்று சிப் வடிவமைப்பு: சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழி, செட்டப் டைம், ஹோல்டு டைம், ஸ்டேட் மெஷின். இதில் நுழைய எம்.டெக். பெரிய பலம், அதற்கு வழி கேட் (GATE) நுழைவுத் தேர்வு. வெரிலாக் ஓட்டிப் பார்க்க ஐகாரஸ் வெரிலாக், சர்க்யூட்டைக் கணினியில் சோதிக்க எல்.டி.ஸ்பைஸ், போர்டு வரைய கீகேட் (KiCad), இந்த மென்பொருள்கள் மூன்றும் இலவசம். என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டிலேயே இரண்டில் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. எந்தக் கதவானாலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை மட்டும் 'அது சி.எஸ். பாடம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போது 'எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்' என்ற பெயரிலும், வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) என்று சேர்த்தும் புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன. பாடத்திட்டத்தை வாங்கி இ.சி.இ. பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு, பொதுத்துறை வேலை எண்ணம் இருந்தால் பட்டத்தின் பெயரே முக்கியம். அறிவிப்புகளில் பிரிவுகளின் பெயரைக் குறிப்பிட்டே கேட்பார்கள், பெயர் பொருந்தாவிட்டால் 'இதுவும் இணையான பட்டம்தான்' என்ற சான்று தேடி அலைய நேரிடும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் பிளேஸ்மென்ட் பேனரைத் தாண்டி லேபுக்குப் போங்கள். ஒரு ஆசிலோஸ்கோப்புக்கு (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எத்தனை பேர், சர்க்யூட்டை மாணவரே இணைக்கிறாரா என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தரப்படுவது, ஆகவே 'கல்லூரிக்கு இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பாமல் இ.சி.இ.க்கு இருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, ஆன்லைன் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல். 'எப்படியும் கிடைக்கும்' என்கிற கல்லூரியைப் பாதுகாப்புக்காக மேலே வைப்பது பலர் செய்யும் பிழை. பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் இடம் இருப்பது ஒதுக்கப்படும். கீழே வைத்த நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் அந்தச் சுற்றில் அது உங்கள் பிள்ளைக்கு வராது. ஆசையின் வரிசையில் அடுக்குங்கள், பாதுகாப்பானவற்றை அடியில் வையுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு. ஆகவே லாக் செய்யுமுன் பிரிண்ட் எடுத்து, பெயரை விட்டுவிட்டு, கல்லூரி எண்ணையும் பிரிவுக் குறியீட்டையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.