40 கிலோவிலேயே நிற்கிறேனா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. ஒன்றரை வருடமாக ஜிம் போகிறேன். பொங்கல் முடிந்த கையோடு ஒரு நோட்டு வாங்கி, தூக்குவதையெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஜிம்மில் என்னை ‘கணக்குப்பிள்ளை’ என்றே கூப்பிடுகிறார்கள். அது பரவாயில்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால் இரண்டு மாதமாக பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) 40 கிலோ, ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) 60 என்றே இருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால் சந்தோஷமாகவாவது இருந்திருப்பேன். நிறுத்திவிடலாமா? ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘பெஞ்ச் 40 – 3 செட். நல்லா போச்சு’ என்று இருக்கிறது. அடுத்த வாரமும் அதே வரிதான். ஒவ்வொரு செட்டிலும், அதாவது ஓய்வெடுக்காமல் தூக்கும் ஒவ்வொரு சுற்றிலும், எத்தனை ரெப் (எத்தனை முறை தூக்கினீர்கள்) என்று எங்கேயும் இல்லை. நீங்கள் முன்னேறவில்லை என்று உங்கள் நோட்டு சொல்லவே இல்லை, ஐயா. அதைச் சொல்வதற்கான விவரம் அதில் கிடையாது.

40 கிலோவில் ஒருநாள் 8, 7, 5 என்று முடித்தீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 20 ரெப், 800 கிலோ. சில வாரம் கழித்து அதே 40இல் 8, 8, 7. இப்போது 23 ரெப், 920 கிலோ. உங்கள் நோட்டில் இரண்டு நாளும் ஒரே வரியாகத்தான் இருக்கும்.

எடை ஏறுவதற்கு முன்னால் ரெப்தான் ஏறும். அதற்குக் காரணம் பாதி உடம்பு, பாதி இரும்பு. பல ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் இரண்டரை கிலோதான். பாரில் பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் 40க்கு அடுத்து 45, அதாவது ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றரை வருடம் பழகியவருக்கு அது பெரிய தாவல்.

தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்கு சிகாகோவில் பளுப்பயிற்சி கொடுத்துத் தேற்றினார். 1945இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்பதுதான் அவருடைய அளவுகோல். அதை அவ்வப்போது அளந்து, பலம் கூடக்கூட எடையைக் கூட்டினார். எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையை மட்டும் அவர் பேசவே இல்லை. இன்று ஜிம்முக்கு ஜிம் சொல்லித்தரும் ‘பத்து ரெப், மூன்று செட்’ கூட அவர் பரப்பியதுதான்.

சரி, என்ன எழுதுவது? எடை, ஒவ்வொரு செட்டுக்கும் ரெப், கடைசி செட்டுக்குப் பிறகு ‘இன்னும் எத்தனை முடிந்திருக்கும்’ என்று ஒரு எண். ‘நல்லா போச்சு’ என்பதைவிட ‘இன்னும் 2’ என்பது அடுத்த வாரத்துக்கு உதவும். செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதையும் பக்கத்தின் மேலே ஒருமுறை குறியுங்கள். மூன்று நிமிடம் ஒன்றரை ஆனால் மூன்றாவது செட் தானாகவே விழும், அதைப் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தூக்கம் கெட்ட நாளென்றால் ஒரு வார்த்தை போதும். ஆப்பா நோட்டா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

நோட்டுக்காகத் தூக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அதில் மட்டும் உஷார். பின்னால் நிற்கும் நண்பர் ‘நீதான் தூக்குற, நீதான் தூக்குற’ என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் பாரை இழுப்பார். அவர் விரல் பட்ட ரெப் கணக்கில் வராது. பாதியில் எழுந்துவிட்ட ஸ்குவாட்டும் அப்படித்தான்.

இனி 40இல் மூன்று செட்டும் பத்து பத்து வரும்வரை ஏற்றாதீர்கள். வந்ததும் 42.5க்குப் போங்கள். ரெப் ஏழெட்டாகக் குறையும், அது இயல்பு. மொத்த ரெப் நாலைந்து முறை தொடர்ந்து நகராமல் நின்றால்தான் உண்மையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பாருங்கள். அப்புறம் எடையைப் பத்து சதவீதம் இறக்கி, மறுபடி ஏறிப் பாருங்கள்.

42.5க்கு ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும். உங்கள் ஜிம்மில் இல்லாவிட்டால் ஓனரிடம் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் நீங்களே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்டால் உங்கள் பெயரை எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் ஜிம் பிளேட்டோடு கலந்துவிடும்.