புல்வெளிப் பலகைகள் பேசாமல் பேசுவது

கேள்வி: அமெரிக்காவில் வீட்டு முன்புறப் புல்வெளியில் நட்டுவைக்கப்படும் அரசியல் பலகைகளில் உள்ள முழக்கங்களுக்கு மறைபொருள் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: பல முழக்கங்களுக்கு உண்டு. 'லெட்ஸ் கோ பிராண்டன்' என்பது அறியாதவர் கண்ணுக்கு யாரோ ஒருவரை உற்சாகப்படுத்தும் வாசகம். ஆனால் 2021 அக்டோபரில் டல்லடேகா கார்ப் பந்தயத் திடலில், அப்போதைய அதிபர் பைடனைக் கூட்டத்தினர் கெட்ட வார்த்தையால் ஏசியதைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் பந்தய வீரர் பிராண்டனுக்கான வாழ்த்தாகக் குறிப்பிட்டதிலிருந்து, அது அந்த வசவுக்கே மாற்றுச் சொல்லாகிவிட்டது.

எல்லாமே இப்படி வெளிப்படையாக அவிழ்வதில்லை. 'சட்டம் ஒழுங்கு' என்பதை யார்தான் மறுப்பார்கள்? 1968 அதிபர் தேர்தலில் வேட்பாளர் நிக்சன் அதை முழங்கியபோது, நகரக் கலவரங்களால் அஞ்சியிருந்த வெள்ளையர் பலர் அதில் கறுப்பின மக்களுக்கு எதிரான கண்டிப்பையும் சேர்த்தே கேட்டனர் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 'அமெரிக்காவே முதலில்' என்பதற்கும், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா சேரக்கூடாது என 1940இல் எழுந்த இயக்கத்தின் நிழல் உண்டு. 2016 தேர்தலுக்குப் பின் பரவிய 'இந்த வீட்டில் நாங்கள் நம்புவது' என்று தொடங்கி, கறுப்பினத்தவர், குடியேறிகள் போன்றோருக்கு ஆதரவான வரிகளை அடுக்கும் பலகையோ அன்பைத்தான் பேசுகிறது; ஆயினும் எதிர்வீட்டார் அதைத் தங்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகவும் வாசிக்கக்கூடும்.

ஆனால், பலகை நட்டவர் அனைவரும் அந்தப் பழைய பொருளை அறிந்தே நட்டார்கள் என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி என்பேன். சொந்த வீட்டில் இத்தகைய பலகை வைக்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல், மிசூரி மாநிலத்தின் லடூ நகர வழக்கில், ஒருமனதாக உறுதிசெய்திருக்கிறது.