குதிரை கேள்வி-பதில்: கடிவாளத்தை மாற்றுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள்

ஒரு வேண்டுகோள். குதிரையின் வயது, உயரம், தினமும் என்ன தின்கிறது என்ற மூன்றையும் எழுதாமல் "குதிரை சரியில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரே வரியில் கேட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. இந்த முறையும் அப்படி ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

நாலு வயது கத்தியவாரி இனக் குதிரை. தினமும் நாலு கிலோ கொள்ளு, இரண்டு கிலோ தவிடு, சாயங்காலம் ஒரு கட்டு நேப்பியர் புல். அப்படியும் விலா எலும்பு தெரிகிறது. என்ன டானிக் கொடுக்கலாம்? (பொள்ளாச்சி)

டானிக் வேண்டாம். புல் முதலில், கொள்ளு அப்புறம். இதைப் பலமுறை எழுதிவிட்டேன். குதிரைக்கு இரைப்பை சின்னது, பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் பிடிக்கும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற பிராணி அது. உங்கள் குதிரை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தீவனமாக 6-7 கிலோ, பச்சைப் புல்லாக என்றால் 25-30 கிலோ, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொள்ளு ஒன்றரை கிலோ போதும். வேகவைத்தோ நன்றாக ஊறவைத்தோ, இரண்டு மூன்று வேளையாகக் கொடுங்கள்.

தவிட்டை நிறுத்திவிடுங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நேப்பியரில் இருக்கும் ஆக்சலேட், கிடைக்கிற கொஞ்சம் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கண்ணுக்குக் கீழே மூக்கெலும்பின் இருபுறமும் தடவிப் பாருங்கள். புடைத்து வருகிறதென்றால் காரணம் இதுதான், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நேப்பியரைப் பாதியாகக் குறைத்து அருகம்புல், குதிரைமசால், பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடி சேருங்கள். எதை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக மாற்றுங்கள். பல்லையும் குடற்புழுவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மாட்டுக்கு வாங்கும் மூட்டைத் தீவனத்தையே குதிரைக்கும் போடலாமா? (நாமக்கல்)

கூடாது. மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் கோழித் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாடு தாங்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் மூட்டைகளை லாயத்துப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

ரேஸில் ஓடி ஓய்ந்த ஏழு வயதுக் குதிரையை வாங்கினேன். கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் நிற்பதில்லை, இழுக்க இழுக்க வேகமாக ஓடுகிறது. முள் கடிவாளம் போட்டால் அடங்கும் என்கிறார்கள். எது வாங்கலாம்? (கோவை)

எதுவும் வாங்காதீர்கள். மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, மாதம் தவறாமல் எனக்குக் கோபமும் வருகிறது.

கடிவாளம் வாய்க்குள் எங்கே உட்காருகிறது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் ஒன்று இருக்கும். அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டும்தான் போர்த்தியிருக்கிறது, சதையே இல்லை. அந்த இடத்தில் முள்ளை வைத்து எழுபது கிலோ ஆள் பின்னால் சாய்ந்து இழுத்தால் என்ன ஆகும்? கல்யாண ஊர்வலங்களில் ஆடவிட்ட குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறேன். நாக்கின் குறுக்கே வெளிறிப்போன தழும்பு மேடு கட்டியிருக்கும். உதட்டு ஓரம் காய்த்துத் தடித்து, தொட்டால் செருப்புத் தோல் போல இருக்கும். அந்தக் குதிரைகள் இனி மெல்லிய கைக்குப் பதில் சொல்வது கடினம்.

வலித்தால் ஓடுவது குதிரையின் சுபாவம். உங்கள் குதிரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரேஸ் பழக்கத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடித்திருப்பார், குதிரை கடிவாளத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். நீங்கள் இழுப்பதை அது "ஓடு" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. சொல்லிக்கொடுத்தபடி செய்கிற குதிரைக்குத் தண்டனையா?

சரி, என்ன செய்வது? முதலில் பல். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா, கடிவாளம் படும் இடத்தில் ஓநாய்ப்பல் என்கிற சின்ன உபரிப் பல் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். அடுத்தது சேணம். ரேஸ் குதிரைக்குக் கழுத்து முடிகிற இடத்து முதுகு மேடு உயரம், தட்டையான சேணம் அங்கே போய் உட்கார்ந்து குத்தும். மூன்றாவது தீவனம். நாள் முழுக்கக் கட்டிப்போட்டு தானியத்தைக் கொட்டினால் அது ஓடாமல் என்ன செய்யும்? தினம் மூன்று நாலு மணி நேரமாவது திறந்த இடத்தில் விடுங்கள்.

அப்புறம், நடுவில் ஒரே இணைப்புள்ள வழவழப்பான சாதாரணக் கடிவாளத்தைப் போட்டு, வேலி அடைத்த இடத்தில் ஒரு மாதம் நடை மட்டும் பழக்குங்கள். நிறுத்தும்போது முதுகை நிமிர்த்தி, மூச்சை விட்டு, விரல்களை மட்டும் மூடுங்கள். குதிரை ஓர் அடி தயங்கிய அந்த நொடியே விரலைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதில்தான் பாடம் இருக்கிறது, இழுப்பதில் இல்லை. தினம் இருபது நிமிடம் போதும். மீறி ஓடிவிட்டால் இரண்டு கையாலும் தொங்காதீர்கள். ஒரு பக்கத்து வாரை மட்டும் பிடித்துத் தளர்த்தி, பிடித்துத் தளர்த்தி, பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். வெடுக்கென்று திருப்பினால் குதிரை காலிடறி விழும், நீங்கள் அதன் அடியில் இருப்பீர்கள். ஹெல்மெட் இல்லாமல் இதில் எதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. சவாரிக்கும் வண்டிக்கும் முள் வைத்த கடிவாளம் சட்டப்படி குற்றம். கடையில் தொங்குகிறதே என்று வாங்கி வந்துவிடாதீர்கள்.

காலையிலிருந்து குதிரை படுத்துப் புரள்கிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, சாணம் போடவில்லை. பெருங்காயம், பூண்டு, எண்ணெய் கலந்து புகட்டலாமா? (கரூர்)

கடிதம் எழுதிக் கேட்கிற விஷயமா இது? நீங்கள் தபாலில் சேர்த்த நேரத்தில் டாக்டர் வந்து போயிருப்பார். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பாட்டிலால் எதையும் புகட்டாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலி நின்றாலும் குதிரை பிழைக்காது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார். அவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். முரட்டுத்தனமாகப் புரண்டால் மெதுவாக நடத்துங்கள். தாடைக்குக் கீழே நாடி பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 30-40 சரியான அளவு. 60ஐத் தாண்டினால் அதை ஃபோனிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் எடை 85 கிலோ. நாட்டுக் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். தாங்குமா? (தஞ்சாவூர்)

குதிரையின் எடையை எழுதவில்லை. டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 12,000ஆல் வகுத்தால் கிலோ வரும். அளவு சென்டிமீட்டரில். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 310 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ சொச்சம்தான், அதுவும் சேணத்தோடு சேர்த்து. நீங்கள் ஏற வேண்டாம், குழந்தைகள் ஏறட்டும்.

20 மாதக் குட்டி நல்ல உயரம். ஏறிப் பழக்கலாமா? (மதுரை)

கூடாது. உயரம் வந்தால் எலும்பு முற்றிவிட்டதாக அர்த்தமில்லை, முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தரை வயதாகும். மூன்று வயதுக்குப் பிறகு, இலேசான ஆள், அரைமணி நேரம். அதுவரை கயிறு பிடித்து நடப்பது, காலைத் தூக்கிக் காட்டுவது, லாடம் அடிப்பவர் வந்தால் அமைதியாக நிற்பது, இவற்றைப் பழக்குங்கள்.

ஓடி வியர்த்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டினால் ஜன்னி வருமா? (திருச்சி)

வராது. குடிக்கட்டும். உடம்பிலும் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் சவாரியை முடித்துவிடுங்கள்.

குளம்பில் ஆணி ஏறிவிட்டது. பிடுங்கி மஞ்சள் வைத்தேன். போதுமா? (விழுப்புரம்)

போதாது. டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? எத்தனை முறைதான் எழுதுவது! அந்த நோய்க்குக் குதிரை அளவுக்குப் பலியாகிற வீட்டு விலங்கு இல்லை. இன்றே டாக்டர். இனி வருடத்துக்கு ஒரு தடுப்பூசி.

ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போகிறேன். கழுத்தில் தேவமணி என்ற ராசியான மயிர்ச்சுழி உள்ள குதிரைக்கு முப்பதாயிரம் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ஈரோடு)

சுழிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டாக்டரைக் கூட அழைத்துப் போங்கள். வாயைத் திறந்து முன்பல்லைப் பாருங்கள். நடுப்பல் விழுந்து முளைப்பது இரண்டரை வயதில், அடுத்தது மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். எல்லாமே சின்னதாக வெள்ளையாகப் பால்பல்லாக இருந்தும் "நாலு வயசு" என்று சொல்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். குளம்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், அழுகல் நாற்றம் அடிக்கக் கூடாது. கெட்டியான தரையில் நேராக ஓட்டச் சொல்லுங்கள், தலை ஆடினால் நொண்டல். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள், அது மனிதனுக்கும் தொற்றும் நோய்.

மகளைச் சவாரிப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். பைக் ஹெல்மெட் போதுமா? (சென்னை)

வெறும் தலையோடு ஏறுவதைவிட அது மேல். ஆனால் அது கனம், குழந்தையின் கழுத்துக்குச் சிரமம். சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் வாங்குங்கள், நாடாவை இறுக்கிப் போடச் சொல்லுங்கள். ஒரு தடவை அடிபட்டதை மறுபடி போடாதீர்கள், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் வேறு வாங்குங்கள்.